சாரல் பக்கத்துச் சுவர்

ஆனி பிறந்துவிட்டால் காமயகவுண்டன்பட்டிக்கு மழை மேற்கிலிருந்து படுத்துக்கொண்டே வரும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டியதில் மிஞ்சியதைக் காற்று அள்ளிவந்து இங்கே வீசும். சாரல் என்பார்கள். நிற்கிற ஆளுக்கு நனைந்ததே தெரியாது. மண்சுவர் மட்டும் ஊறிக்கொண்டே இருக்கும். அதனால் ஊரின் மேலக்கடைசியில் உள்ள பழைய வீடுகளில் மேற்குச் சுவருக்கு மட்டும் வெளியே ஒரு சட்டை போட்டிருப்பார்கள். சிலர் தென்னங்கிடுகு கட்டுவார்கள், சிலர் தகரம் அடிப்பார்கள். வீரணன் வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்.

அந்த வீட்டின் கிழக்கு அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். சொந்த ஊர் போடி. பகலில் கம்பத்தில் ஒரு திராட்சை மண்டியில் பில் போடுகிறேன், சாயங்காலம் அங்கேயே கணக்கியல் வகுப்பு. வகுப்பு முடிந்து டவுன் பஸ் பிடித்து வந்து சேரும்போது வீட்டில் பாதிப் பேச்சு முடிந்திருக்கும். ஆகவே இதில் நான் நேரில் பார்த்தது கொஞ்சம், வீரணனின் மனைவி சங்கிலியம்மாளும் பக்கத்து வீட்டுப் பவுனும் சொன்னது கொஞ்சம். முடிந்தவரை பிரித்து எழுதப் பார்க்கிறேன். சில இடங்களில் எனக்கே சந்தேகம் இருக்கிறது.

வீரணனுக்குத் திராட்சைத் தோட்டங்களில் மருந்தடிப்பு வேலை. இங்கே கொடி, கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தலில் தலைக்கு மேலே படரும். மருந்தை அண்ணாந்துதான் அடிக்க வேண்டும். பாதி இலைக்கு, பாதி அடிக்கிறவர் முகத்துக்கு. துத்தமும் சுண்ணாம்பும் கலக்கிக் கலக்கி அவருடைய நகக்கண்களில் ஒரு நீலம் நிரந்தரமாகத் தங்கியிருந்தது. கல்யாணமான புதிதில், நல்ல பருவம் ஒன்றின் கூலியில் அந்த ஷீட்டுகளை வாங்கிவந்து, தானே ரம்பத்தால் அறுத்து, மரச்சட்டம் கொடுத்து மாட்டியவரும் அவர்தான். இப்போது அவை கறுத்துப் பாசி பிடித்து, ஓரங்கள் ரஸ்க் மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தன. அவருடைய கட்டில் உள்ளே அதே சுவரை ஒட்டிக் கிடந்தது. சுவருக்கும் கூரைக்கும் நடுவே இருந்த இடைவெளி வழியாக, காற்றடித்த காலைகளில் போர்வைமேல் மாவு சலித்ததுபோல ஒரு சாம்பல் படிந்திருக்கும். சங்கிலியம்மாள் உதறி மடித்துவைப்பார்.

வைகாசிக் கடைசியில் தேனி ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, என்ன வேலை செய்தார் என்று முதலில் கேட்டார். பிறகு வீடு எப்படிப்பட்டது என்று கேட்டார். நுரையீரல் இறுகிவிட்டது, எதனால் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, தோட்டத்து மருந்தாலும் இருக்கலாம், ஷீட் தூளாலும் இருக்கலாம் என்றாராம். இறுகினது இனி இளகாது. வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் ஒன்று வைத்தால் மூச்சுக்கு லேசாக இருக்கும். முடிந்தால் அந்த ஷீட்டையும் எடுத்துவிடுங்கள், எடுக்கும்போது அவர் பக்கத்தில் இருக்கக் கூடாது.

இதில் கடைசியாகச் சொன்னது மட்டும்தான் சங்கிலியம்மாளோடு பஸ் ஏறி ஊர் வந்தது. நான் அதை இப்படிப் புரிந்துகொள்கிறேன், தவறாகவும் இருக்கலாம். அத்தனை வருஷம் அடித்த மருந்தை உள்ளேயிருந்து திரும்ப எடுக்க முடியாது. ஷீட்டை எடுக்கலாம்.

மகன் சூரியபிரகாஷ் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மெஷினுக்கென்று கம்பெனியில் முன்பணம் வாங்கி நாற்பத்தைந்தாயிரம் அனுப்பியிருந்தான். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்கள். நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"ஆத்தா, டாக்டரு மெசினத்தான மொதச் சொன்னாக?"

"சொன்னாக. ஷீட்டயும்தான் சொன்னாக."

"ரெண்டுக்கும் நான் எங்கிட்டுப் போவேன்?"

"ரெண்டு வேணாம்டா. ஒன்னு போதும். மெசினுக்குக் கரண்டு வேணும்ல? இங்கன காத்தடிச்சா மொத ஓடிப்போறது கரண்டுதான். மெசினு நின்னா மூச்சும் நின்னுரும். செவரு அப்பிடியா? கட்டிப்புட்டா நிக்கும்."

கட்டிலிலிருந்து வீரணன் கையை நீட்டிப் போனைக் கேட்டார். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தித்தான் அவரால் பேச முடியும்.

"ஏலே சூரியா... ரெண்டும் வேணாம்டா. காச அங்கனயே வச்சுரு. பொறகு பந்தலுக்கு, கொட்டுக்கு ஆகும்."

"எப்பா, வாயக் கழுவுங்க" என்றது போன்.

"நாந்தான் தெனமும் பச்சத்தண்ணியில வாயக் கழுவுறேனே. ஒங்காத்தா வெந்நி வச்சுத் தர மாட்டேங்குறா."

சங்கிலியம்மாள் சிரித்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு மெஷின் பேச்சு எடுபடவில்லை. மொச்சைக் குழம்பு இறக்கிவைக்கப்பட்டது. எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

கொத்தனார் ஈஸ்வரபாண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். பைக்கை நிறுத்திவிட்டு முதலில் ஷீட்டை விரலால் தட்டினார். பிறகு அதன் ஓரத்துக்குப் பின்னால் கைவிட்டு மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய மண் பிண்ணாக்குபோல உதிர்ந்தது.

"அக்கா, இது ஷீட்டத் தாங்கிக்கிட்டு நிக்கல. ஷீட்டுத்தான் இதத் தாங்கிக்கிட்டு நிக்கிது."

"தகரம் அடிச்சா ஆகாதா தம்பி?"

"அடிக்கலாம். ஆணி எதுல எறங்கும்? ஷீட்டக் கழட்டுனா சட்டம் பூராம் கையோட வந்துரும். வெளிய தள்ளி, செங்கல்ல தனியா ஒரு செவரு ஏத்தணும். அதான் வழி."

"கழட்டுறதுக்கு?"

"அதுக்குத் தனிக்காசு."

"கழட்டுறதுக்கே காசா? நாங்க மாட்டும்போது ஒரு பைசா செலவில்லையே."

"ஒடச்சுக் கழட்டுனா பாதி. ஒடைக்காமக் கழட்டணும்னா முழுசு. கொண்டுபோய்ப் போடுற சோலி எங்கிட்ட இல்ல. பஞ்சாயத்து வண்டியும் எடுக்காது."

"காசு குடுத்துக் கழட்டி, அத நானே வச்சிருக்கணுமாக்கும்."

"ஊர்ல இதான நெலம" என்றார் ஈஸ்வரபாண்டி.

கணக்குப் படிக்கிற பிள்ளை என்று என்னைக் கூப்பிட்டுக் கூட்டச் சொன்னார்கள். சூரியபிரகாஷ் அனுப்பியதைவிட ஆறாயிரம் கூடுதலாக வந்தது. மறுபடி கூட்டினேன். என் கூட்டல்மேல் எனக்கு எப்போதும் நம்பிக்கை இருந்ததில்லை. இன்னொரு தடவை கூட்டப் போனபோது சங்கிலியம்மாள் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

"போதும் ஏஞ்சலு. கூட்டக் கூட்டக் கூடிக்கிட்டேதான் போகும்."

என் பெயர் இவாஞ்சலின். அவர் வாயில் அவ்வளவுதான் நிற்கும்.

அந்த ஆறாயிரத்துக்கு அவர் ஜீப் கங்காணியிடம் போனார். விடியுமுன் கம்பமெட்டு வழியாக மலை ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் கொண்டுபோகிற ஜீப் அது. வீரணன் படுத்த பிறகு போகாமல் இருந்தவர், கழிகிற வரை வேலைக்கு வருவதாக ஒப்புக்கொண்டு முன்பணம் வாங்கினார்.

ஈஸ்வரபாண்டி ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியிருந்தார். ஆடியில் யாரும் கட்டட வேலை தொடங்க மாட்டார்கள். ஆடி பிறக்குமுன் பூசை போட்டு முதல் கல்லை வைத்துவிட்டால், அப்புறம் ஆடியிலும் வேலை ஓடும், குற்றமில்லை. ஆகவே ஆனிக் கடைசியில் ஒரு புதன்கிழமை ஷீட்டைக் கழற்றுவது, வெள்ளிக்கிழமை காலை முதல் கல் வைப்பது என்று முடிவானது. செங்கல் முன்னாலேயே வந்து இறங்கியது. வீட்டின் வடபக்கம் அடுக்கி, மேலே சாக்கு போட்டு மூடினோம்.

புதன்கிழமை நான் மண்டிக்கு லீவு சொன்னேன். ஷீட்டை நனைத்துக்கொண்டே கழற்ற வேண்டும், உடைக்கக் கூடாது என்று போனில் படித்திருந்தேன். ஊரில் அன்று குழாயில் தண்ணீர் விடும் முறை இல்லை. தொட்டியில் இருந்ததை எதில் தெளிப்பது என்று யோசித்தபோது சங்கிலியம்மாள் உள்ளே போய்ப் பரணிலிருந்து மருந்தடிக்கிற டேங்கை இறக்கிவந்தார். முதுகில் மாட்டிக்கொள்ளும் வகை. வீரணனுடையது. எவ்வளவு கழுவியும் அதிலிருந்து மருந்து வாடை போகவில்லை.

வேலைக்கு வந்த இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"என்னத்துக்குக்கா தண்ணி? செவரு என்ன நாத்தா?"

"தூசி பறக்கக் கூடாதாம். ஏஞ்சலு போன்ல படிச்சுச்சு."

"அப்ப ஏஞ்சலயே ஏறிக் கழட்டச் சொல்லுங்க."

வீரணனை ஊர் மந்தைத் திடலுக்குக் கொண்டுபோய் உட்கார வைப்பதாக ஏற்பாடு. அவர் போகவில்லை. மேற்கே வயல் ஓரத்துப் பூவரச மரத்தடியில் நாற்காலியைப் போடச் சொன்னார்.

"மேகாத்து அடிக்கிது. நான் காத்துக்கு முன்னால இருக்கேன். தூசி எனக்கு வராது. காத்தப் பத்தி எனக்கே சொல்றீகளா?"

சங்கிலியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டேங்கை மாட்டி அடிக்கத் தொடங்கினார். தண்ணீர் தாரையாகப் போய் ஷீட்டில் பட்டு வழிந்தது.

"அடியே... மூக்கத் திருகு. பொகையா வரணும்... நீ எருமையக் குளிப்பாட்டுற."

"இம்புட்டு வருசம் ஒங்களுக்குத் தண்ணி செமந்து ஊத்துனவ நானு. எனக்குத் தெரியாதாக்கும்."

"தெரிஞ்சவ லட்சணத்தப் பாரு."

வேலையாட்கள் மறுபடி சிரித்தார்கள். அன்று காலை எல்லோரும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தோம். அதை எழுதாமல் விட்டால் சரியாக இருக்காது.

முதல் ஷீட் முழுசாக இறங்கியது. அடுத்ததில் போல்ட்டுகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. ஸ்பேனர் வழுக்கியது. எண்ணெய் விட்டுப் பார்த்தார்கள். வெயில் ஏற ஏறப் பேச்சு குறைந்தது. பிறகு ஒருவர் சுத்தியலை எடுத்தார்.

"முழுக்காசு குடுத்துருக்கு தம்பி."

"போல்ட்டு கழண்டாத்தானக்கா?"

அதற்கப்புறம் எல்லாம் உடைந்துதான் வந்தது. உடைந்த விளிம்புகளில் பஞ்சு பிய்த்ததுபோல நார் நீட்டிக்கொண்டிருந்தது. டேங்கில் தண்ணீர் தீர்ந்திருந்தது. வேலையாட்கள் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டார்கள். நாங்கள் முந்தானையாலும் துப்பட்டாவாலும் மூடிக்கொண்டோம். ஒரு சமயம் காற்று விழுந்து, சுற்றி, மரத்தடிப் பக்கம் போனது. வீரணன் இருமினார். அது தூசியாலா, எப்போதும் வருகிற இருமலா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இப்போதும் முடியாது.

ஷீட் போனதும் சுவர் தெரிந்தது. அதைச் சுவர் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. கீழே எலி வளை. மேலே முழுக்கக் கரையான், திராட்சைக் கொடியை விட நெருக்கமாகப் பந்தல் போட்டிருந்தது. சட்டங்களைத் தொட்டதும் தாள்போல நொறுங்கின. ஈஸ்வரபாண்டி சொன்னது சரிதான்.

உடைசல்களை ஓடைப் பாதையில் அடுக்கினோம். அன்று சாயங்காலமே பவுனு வந்து பெரியதாக இரண்டைப் பொறுக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அடியே பவுனு, அது வெசம்னு சொல்லி நாங்க காசு குடுத்துக் கழட்டிருக்கோம்."

"ஆட்டுக்கொட்டத்துக்குத்தானக்கா. எம்புட்டு வருசம் மோந்தா ஆகுமாம்?"

"இருவது முப்பது வருசமாம்" என்றேன் நான்.

"எங்க ஆடு ஐப்பசி வரைக்கும்தான் இருக்கும்" என்றாள் பவுனு.

இரண்டு நாளில் ஓடைப் பாதையில் பொடி மட்டும் மிஞ்சியது. ஒரு வீட்டில் குளிப்பறைக்கு மறைப்பு, இன்னொரு வீட்டில் கோழிக்கூட்டுக்கு மூடி. சேறாகிற இடத்தில் பொடியைக் கொட்டி மிதித்து நிரவிவிட்டார்கள்.

வியாழக்கிழமை நான் வகுப்பு முடிந்து வந்தபோது வாசலில் பிச்சைமணி உட்கார்ந்திருந்தார். வீரணனின் சித்தப்பா மகன். பங்காளி வீடுகளுக்கு நல்லது கெட்டது சொல்லி அனுப்புகிறவர் அவர்தான். முகத்தைப் பார்த்ததும் கெட்டது என்று தெரிந்தது.

உத்தமபாளையத்தில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். தாத்தா வழியில் பங்காளி. எல்லோருக்கும் பதினாறு நாள் தீட்டு.

"யாரு அந்தாளு? நான் வாக்கப்பட்டு வந்து ஒரு நாளு கண்ணால கண்டதில்ல" என்றார் சங்கிலியம்மாள். "எங்க மாமனாரு சாவுக்கு வந்தாகளா? சூரியாவுக்குக் காது குத்துனோமே, வந்தாகளா?"

"வரல மதினி. அதுக்காகப் பங்காளி இல்லன்னு ஆயிருமா?"

"நாளைக்குக் காலையில கல்லு வைக்கணும். செவரு அம்மணமா நிக்கிது. நீங்க சொல்லவே இல்லன்னு வச்சுக்கங்க. நான் கேக்கவே இல்லன்னு வச்சுக்கிறேன். சனிக்கெழம வந்து சொல்லுங்களேன்."

பிச்சைமணி தலையைச் சொறிந்தார். அவருக்கு மனசு இளகியது என்றுதான் நினைக்கிறேன். அவர் உள்ளே எட்டிக் கட்டிலைப் பார்த்தார்.

"அண்ணே, என்ன சொல்றீக?"

வீரணன் எழுந்து உட்கார்ந்தார். சுவரில் சாய்ந்தே பழக்கப்பட்டவர், இப்போது சாயாமல் முழங்காலைக் கட்டிக்கொண்டார்.

"தீட்டுன்னா தீட்டுத்தான்."

"ஏங்க, பதினாறு கழிஞ்சா ஆடி. ஆடி முடியுற வரைக்கும் ஒன்னும் பண்ண முடியாது. சாரலு மூஞ்சியிலயே அடிக்கும்."

"அடிக்கட்டும்."

"ஒங்களுக்காகத்தான இம்புட்டும்! எனக்கென்ன, நான் காடு கரையில கெடந்துருவேன்."

"தெரியும்."

"தெரிஞ்சு?"

அவர் வெகு நேரம் மூச்சைச் சேர்த்தார். பிச்சைமணி எழுந்து வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"அவுக தீட்ட... நான் காக்கலன்னா... எந்தீட்ட யாரு காப்பாக? நாளைக்கு என்னயத் தூக்க... நாலு பேரு வேணும்ல. சூரியா ஒத்த ஆளு."

எனக்கு அந்த நேரத்தில் ஏதாவது சொல்லத் தோன்றியது. எங்கள் வீட்டில் இந்தத் தீட்டு வழக்கம் கிடையாது. அது கிடையாது என்பதாலேயே நான் பேசக் கூடாது என்று பட்டது. சங்கிலியம்மாள் எழுந்து, மறுநாள் பூசைக்கு வாங்கிவைத்திருந்த தேங்காயை எடுத்து உள்ளே வைத்தார். பிச்சைமணிக்குச் சீனி குறைத்து ஒரு டீ போட்டுக்கொடுத்தார்.

அந்த வருஷம் ஆனி காய்ந்தே போயிருந்தது. ஆடி முதல் தேதிதான் சாரல் தொடங்கியது.

முதலில் கட்டிலை நடுவீட்டுக்கு இழுத்தோம். வெளியே சுவருக்குத் தார்ப்பாய் கட்டினோம். ஒரே நாளில் காற்று அதைக் கிழித்து வயலில் போட்டது. பிறகு பவுனு, ஊர் முழுக்க விசேஷம் முடிந்து சுருட்டிவைத்திருந்த பிளக்ஸ் பேனர்களைக் கேட்டு வாங்கிவந்தாள். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, ஒரு புதுக்கடைத் திறப்பு. கயிறு கோத்து ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டினோம். வயலிலிருந்து பார்த்தால் மாலையும் கழுத்துமாகப் பத்துப் பதினைந்து பேர் எங்கள் வீட்டுச் சுவரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பவுனு... ஊர்ல இருக்குறவக பூராம்... நம்ம வீட்டுக்கு வந்துட்டாகளாமே" என்றார் வீரணன்.

"மொய்யி மட்டும் யாரும் எழுதலண்ணே."

சிரிப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட மூச்சு திரும்ப வந்து சேர நேரமாயிற்று. அதன் பிறகு பவுனு அவரிடம் வேடிக்கையாகப் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

சுவர் கீழிருந்து ஊறியது. முழங்கால் உயரத்துக்கு நிறம் மாறி, பிறகு இடுப்பு உயரம். உள்பக்கம் கை வைத்தால் சாணி மெழுகின தரைபோலக் குளிர்ந்தது. வீட்டில் எல்லாவற்றிலும் ஈர வாடை. துணி காயவில்லை, உப்பு தண்ணீர் விட்டது. மின்சாரம் சங்கிலியம்மாள் சொன்னபடியே போய்ப் போய் வந்தது. ஒரு நாள் மின்சாரம் போனபோது அவர் என்னைப் பார்த்து, "பாத்தியா, மெசினு வாங்கிருந்தா இந்நேரம்?" என்றார். கேள்வியாகத்தான் கேட்டார். எவ்வளவு நேரம் கரண்டு போகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று என் மனசு கணக்குப் போட்டது. இருந்த நேரம்தான் அதிகம். அதை நான் சொல்லவில்லை.

விடியுமுன் ஜீப் ஹாரன் அடிக்கும். சங்கிலியம்மாள் கஞ்சி காய்ச்சி ஆறவைத்து, செம்பில் தண்ணீர் மூடிவைத்து, பவுனிடம் சொல்லிவிட்டு மலை ஏறுவார். முன்பணம் வாங்கின ஆள் மழை என்று நிற்க முடியாது. திரும்பும்போது கால் விரல்களுக்கு நடுவே அட்டை கடித்த ரத்தம் காய்ந்திருக்கும். கைகளில் ஏலக்காய் வாசம். அந்தக் கையோடு வீரணனின் நெஞ்சைத் தடவிக்கொடுப்பார்.

"வாசமாத்தான் இருக்கு" என்பார் வீரணன். "காயி என்னா வெல?"

"வெல நமக்கெதுக்கு? பறிச்சாக் கூலி."

ஆடி பாதி கடந்து ஒரு நாள், சங்கிலியம்மாள் மலைமேல் இருந்தபோதே வீரணன் போய்விட்டார். பகல் உச்சி நேரம். நான் மண்டியில் இருந்தேன். பவுனு சொன்னதை எழுதுகிறேன்.

"தண்ணி வேணுமானு கேட்டேன். தலைய ஆட்டுனாக. எடுத்தாந்தேன். வாங்கிக் கையிலயே வச்சிருந்தாக. காத்து அந்த பேனர அடிச்சுக்கிட்டே கெடந்துச்சா, அது ஒரே படபடப்பா இருந்துச்சு. அதக் கொஞ்சம் இறுக்கிக் கட்டிட்டு வாறேன்னு போனேன். கட்டிட்டு வந்தேன். செம்பு சாயாம அப்பிடியே கையில இருக்கு."

ஜீப் கங்காணிக்குப் போன் போட்டார்கள். தோட்டத்தில் சிக்னல் இல்லை. தினமும் வருகிற நேரத்துக்குத்தான் சங்கிலியம்மாள் வந்து இறங்கினார். தெருமுனையில் பங்காளிகள் நிற்பதைப் பார்த்ததும், கையிலிருந்த தூக்குவாளியை அருகில் நின்ற யாரிடமோ கொடுத்துவிட்டு மெதுவாக நடந்துவந்தார்.

பங்காளிகள் எல்லோரும் வந்தார்கள். உத்தமபாளையத்துக்காரர்கள் ஒரு வேன் பிடித்து வந்தார்கள். திருப்பூரிலிருந்து சூரியபிரகாஷ் வந்து சேரும் வரை சாரலில் நின்றார்கள். தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கினார்கள். நாலு பேருக்கு மேலேயே இருந்தார்கள். தெருமுனையில் இரண்டு கம்பு நட்டு, 'கண்ணீர் அஞ்சலி' என்று ஒரு பெரிய பிளக்ஸும் வைத்தார்கள். ஆதார் அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். அதனால் அவர் கொஞ்சம் திடுக்கிட்டவர்போல இருந்தார். கீழே வரிசையாகப் பங்காளிகளின் முகங்கள்.

பதினாறாம் நாள் கருமாதிச் சாப்பாட்டுக்குப் பெரிய அடுப்பு தேவைப்பட்டது. வடபக்கம் அடுக்கியிருந்த செங்கல்லைப் பிச்சைமணிதான் எடுக்கச் சொன்னார். நீளமாக அடுக்கி மூன்று அண்டா ஏற்றினார்கள். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் வெந்தன. மீந்திருந்த சுவர்ப் பணம் அரிசிக்கும் பந்தலுக்கும் போனது. சூரியபிரகாஷ் அப்பா சொன்னதை நினைத்துக்கொண்டானா என்று தெரியாது. பந்தல்காரருக்குப் பணம் கொடுக்கும்போது அவன் தலை நிமிரவில்லை. மறுநாள் திருப்பூர் பஸ் ஏறிவிட்டான்.

ஆவணியில் ஈஸ்வரபாண்டி வந்தார். வெயில் கொஞ்சம் அடித்துக்கொண்டிருந்தது, காற்று மட்டும் நிற்கவில்லை.

"ஆவணி பொறந்துருச்சுக்கா. வேலைய என்ன பண்ணுவோம்?"

பதில் சொன்னவர் பிச்சைமணி. "தலைத்தெவசம் முடியாம இந்த வீட்டுல கல்லு வைக்கக் கூடாதுப்பா. ஒரு வருசம் ஆகும்."

"செங்கல்லு கெடக்கட்டுமா?"

"கருமாதி அடுப்புக்கு வச்ச கல்லு. அத எப்பிடி வீட்டுச் செவத்துக்கு வைக்கிறது?"

எடுக்கச் சொன்னவரே அதைச் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஈஸ்வரபாண்டி கரி பிடித்த கற்களை ஒரு பார்வை பார்த்தார். சுவரையும் பார்த்தார். மேலே சற்று உள்பக்கம் சாய்ந்திருந்தது. "ரெண்டு முட்டுக் குடுத்து வைங்கக்கா" என்று சொல்லிவிட்டு, பைக்கை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

சங்கிலியம்மாள் தெருமுனைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். கம்புகளில் கட்டியிருந்த பிளக்ஸைக் காற்று ஒரு பக்கம் கிழிக்கத் தொடங்கியிருந்தது. அவர் முடிச்சுகளை அவிழ்த்து அதைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார். இரண்டு கம்புகளையும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கி என்னிடம் கொடுத்தார். அவை முட்டுக்கு.

கம்புகளை உள்ளேயிருந்து சுவருக்கு அண்டை கொடுத்த பிறகு வெளியே வந்து பிளக்ஸை விரித்தோம். பழையவை கந்தலாகித் தொங்கின. மணமகளும் மாப்பிள்ளையும் பாதிப்பாதியாக இருந்தார்கள். அச்சடித்த பக்கம் வழவழப்பாக இருக்கிறது, தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும் என்று எல்லாவற்றையும் படம் வெளியே தெரியும்படிதான் கட்டியிருந்தோம். இதையும் நான் அப்படியே பிடித்தேன். ஒரு மூலையைக் கட்டியும்விட்டேன்.

சங்கிலியம்மாள் அதை அவிழ்த்தார்.

"திருப்பிப் பிடி ஏஞ்சலு."

"அந்தப் பக்கம்னா தண்ணி ஊறும்மா."

"ஊறட்டும். மொகத்த உள்ளுக்குத் திருப்பு. அவுகளுக்குச் சாரலு ஆகாது."

திருப்பிப் பிடித்தேன். அவர் மண்ணோடு ஒட்டும்படி இழுத்து நாலு மூலையும் கட்டினார். வெள்ளைப் பக்கம் மேற்கே பார்த்தது. மலையில் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது.